ஒன்பதாம் நம்பர் ஊசி

அந்த வண்டிக்கு 'இருமல்' என்று பெயர் வைத்தது தையல்காரரின் அக்கா. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவர் முன்னறையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அது மூன்று முறை லொக்கு லொக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "யாரோ நெஞ்சுச்சளியோட வந்திருக்காங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க" என்றார். அன்றிலிருந்து அது இருமல்தான்.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவள். அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் பிழை திருத்திக் கொடுப்பது என் வேலை. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவள் என்பதால், கீழே எதையாவது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், அது ஏணியோ துணியின் மறுமுனையோ, "மாடியம்மா!" என்று ஒரு குரல் வரும். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரே ஒரு தடவைதான் நினைத்திருக்கிறேன். அது இந்த வண்டி விஷயத்தில்.

கீழே மூன்று பேர். தையல்காரர், அவர் மனைவி, கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, சுவரோரம் கோணிப்பையில் துண்டுத்துணி. அதற்குப் பின்னால் அடுப்படி. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தில் முன்பு பழைய நாற்காலிகள் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்திவிட்டுத்தான் இருமலை நிறுத்தினார்கள்.

வண்டி தையல்காரருக்கு வாங்கியதல்ல. அவர் மனைவிக்கு. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்குத் தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். பதினேழு வருடமாக இதே வேலை. தெருப் பிள்ளைகளுக்கு அவள் ஊசியக்கா. நரம்பு அகப்படாத பெரியவர்கள்கூட, "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க, அது கைராசிக்காரி" என்று நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். எனக்கும் ஒரு முறை எடுத்தாள். ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னாள். நான் என்ன பார்க்கலாம் என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்புகள் வந்துவிட்டன. எடுத்த ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், அதனால் அடுத்த மாதத்திலிருந்து வண்டி ஓட்டுகிறவர்கள்தான் வேண்டும் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் அவள் வண்டி பழக வேண்டியதாயிற்று. ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை கொடுத்தார்கள். அன்று தவறினால் அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அவள் பெட்டி வேறு யார் தோளிலாவது ஏறியிருக்கும்.

தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு வருடம் சும்மா நின்ற சின்ன மோட்டார் சைக்கிள் அது. உயரம் குறைவு, எடையும் குறைவு, பழகுகிறவர்களுக்குத் தோதானது. ஒரே குறை, நிற்காது. அதாவது, நின்றால் அணைந்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடுகிற சோக்கை இழுத்தால் உறுமும், உள்ளே தள்ளினால் இருமிவிட்டு ஓய்ந்துவிடும்.

மறுநாள் முற்பகல் தூறிக்கொண்டிருந்தது. "மாடியம்மா!" என்று குரல் வந்தது. போனேன்.

மாடிப்படிக்குக் கீழே தையல்காரர் துண்டுத்துணியை விரித்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றி அக்குவேறு ஆணிவேறாகப் பரப்பி வைத்திருந்தார். ஒரு தட்டில் பச்சையாக ஏதோ கசடு. பழைய பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அவர் என் கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

"இங்க அடிங்க. இன்னும் கிட்ட. இதான் அந்த ஆளு."

சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான ஒரு பித்தளைத் துண்டு. அதை டார்ச்சுக்கு நேராகப் பிடித்தார்.

"ஓடுறப்ப பெட்ரோல் போறதுக்கு அந்தப் பெரிய ஜெட். நிக்கிறப்ப, ஆக்சிலேட்டர்ல கையை விட்டுட்டா, எஞ்சின் அணையாம பாத்துக்கிறது இந்தச் சின்னது. நடுவுல ஓட்டை தெரியுதா?"

"தெரியலையே."

"எப்படித் தெரியும்? பெட்ரோல் உள்ளயே காஞ்சு பசையாயிருச்சு. மூக்கடைப்பு."

"மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா ஊசியும் கையுமா இருக்கேன். ஒரு ஓட்டையைச் சுத்தம் பண்றதுக்கு இன்னொருத்தன் வரணுமா?"

உள்ளே போனார். மெஷினிலிருந்து ஒன்பதாம் நம்பர் ஊசியைக் கழற்றி எடுத்து வந்தார். மெல்லிய துணிக்குப் போடுகிற ஊசி. அவரிடம் இருந்ததிலேயே சன்னமானது அதுதான். ஊசி நுனியை ஓட்டையில் வைத்து, திருகாணி திருகுவதுபோல் இரண்டு விரலால் உருட்டினார். முதலில் போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். போயிற்று.

"இப்ப பாருங்க."

பார்த்தேன். நடுவில் அழகாக வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. "முற்றுப்புள்ளி மாதிரி இருக்கு" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஊசியைச் சட்டையில் துடைத்து மறுபடி மெஷினிலேயே மாட்டிவிட்டார்.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சோக்கே போடவில்லை. அக்கா வெளியே வந்து எட்டிப் பார்த்து, "சளி கரைஞ்சிருச்சு" என்றார். எல்லோருக்கும் டீ கிடைத்தது. தையல்காரர் அந்த வாரம் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், அளவு எடுக்கும் முன்பே, கார்பரேட்டரைத் தானே சரிசெய்த கதையைச் சொன்னார். சிலருக்கு இரண்டு முறை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பாழடைந்த கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் பழக்கம் நடந்தது. தரையில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, கடைசியில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். எட்டைச் சுற்றி வந்து கோட்டில் நிறுத்த வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நானும் போவேன். எனக்குப் பொழுதுபோக்கு, அவளுக்குத் துணை.

எட்டு அவளுக்கு நான்கே நாளில் வந்துவிட்டது. கோட்டில்தான் தகராறு. வண்டி சூடாகிவிட்டால், கோட்டுக்கு வந்து கையை விட்டதும் எஞ்சின் இரண்டு துள்ளு துள்ளி, இருமி, நின்றுவிடும். அப்புறம் உதைத்து உதைத்துக் கால் மரத்துப் போகும்.

"கிளட்ச்சை மெதுவா விடுன்னு சொன்னேன்ல?"

"மெதுவாத்தாங்க விட்டேன்."

"கை சரியில்ல உனக்கு. தள்ளு, நான் காட்டுறேன்."

அவர் ஓட்டிக் காட்டுவார். அவர் கையில் அது ஒரு தடவைகூட நின்றதில்லை. கோட்டில் நிற்கும்போதும் அவருடைய வலது கை சும்மா இருக்காது, ஆக்சிலேட்டரைச் சின்னச் சின்னதாக முறுக்கிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பார்த்தேன். அதனால்தான் அணையவில்லை என்று புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

"பாத்தியா? வண்டியில ஒண்ணுமில்ல. எல்லாம் கைதான்."

இரண்டாவது வாரம் அவளே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். சாப்பிடும்போது தண்ணீர் சிந்தினால், "கை சரியில்ல." பாட்டில் மூடி திறக்காவிட்டால், "என் கையைப் பத்தித்தான் தெரியுமே." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கீழே இன்னொரு சங்கடம் நடந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் மெல்லிய மேலாடையில் தையல் ஓரமெல்லாம் நூல் இழுத்துவிட்டது. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது என்னடா, பூனை பிறாண்டின மாதிரி?" என்று கேட்டார். தையல்காரர் மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு இழுப்பறைக்குள் வைத்தார். அவர் ஊசியை எறியாமல் வைத்ததை நான் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, வண்டி கோட்டில் ஏழு முறை அணைந்தது. எட்டாவது முறை அவள் உதைக்கவில்லை. ஸ்டாண்டைப் போட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இது வராதுங்க."

"ஏன் வராது?"

"வரலையே. நாளைக்கே நிலையத்துல சொல்லிடறேன். வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

தையல்காரர் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டுச் சொல்லேன்" என்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. வேலை போகிறதே என்ற கவலை என்று எண்ணினேன். எனக்கு அன்று அவள்மேல் இரக்கமும் அந்த வண்டிமேல் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தன. ஒரு உதைகூட விட்டேன், என் கால்தான் வலித்தது.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவள் நேராக மாடிக்கு வந்தாள். தோளில் பெட்டி இன்னும் இறங்கவில்லை. மழையில் நனைந்த சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"மாடியம்மா, என் மேல என்ன வாசனை அடிக்குது?"

"பெட்ரோல்."

"அதையேதான் அவரும் சொன்னாரு."

"எவரு?"

"பாலத்தாண்ட ஒரு மெக்கானிக். கால் முறிஞ்சு மாவுக்கட்டோட படுத்திருக்காரு. புதன்கிழமை புதன்கிழமை ரத்தம் எடுக்கப் போவேன். கையை நீட்டிட்டு மூக்கை உறிஞ்சறாரு. 'ஏம்மா, ரத்தம் எடுக்க வந்தியா பெட்ரோல் ஊத்த வந்தியா'ன்னாரு. சிரிப்பா இருந்துச்சு, எல்லாத்தையும் சொன்னேன். 'காலையில சோக் இல்லாம கிளம்புதா?'ன்னாரு. ஆமான்னேன். 'சூடானப்புறம்தான் நிக்குதா?' ஆமா. 'பிளக் கரியாட்டம் இருக்கா?' ஆமா, எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ தொடச்சாரு. உடனே கேட்டாரு, 'அந்தச் சின்ன ஜெட்டுல யாரு கை வச்சா?'ன்னு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பசை இருந்தா ஊற வச்சு ஊதணுமாம். கம்பி, ஊசி எதுவும் விடக்கூடாதாம். பித்தளை மெதுவானதாம், ஓட்டை பெருசாயிருமாம். பெருசானா நிக்கிறப்பவும் பெட்ரோல் கொட்டிட்டே இருக்குமாம். வண்டி மூச்சு முட்டி நின்னுருமாம்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்கதானே டார்ச் பிடிச்சீங்க? ஏதாவது விட்டுக் குத்தினாரா?"

"வெளிச்சம் பிடிச்சதோட சரி. எனக்கு அவ்வளவு கண்ணு தெரியாதும்மா" என்றேன்.

பொய். நாள் முழுக்கப் பொடி எழுத்தில் பிழை பார்க்கிறவள் சொன்ன பொய். அவளும் மேசைமேல் கிடந்த தாள்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, கீழ வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தையல்காரர் வெட்டுமேசையில் இருந்தார். அக்கா தட்டில் சோறும் அவித்த முட்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கார்பரேட்டரைக் கழட்டுங்க."

"இப்பவா? நாளைக்கு டெஸ்ட்டை வச்சுக்கிட்டு அதுல கை வைக்கக் கூடாது. ஓடுறதைக் கெடுத்துடும்."

"கழட்டுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தார். சோறு ஆறியது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அரை மணி நேரம் கழற்றினார். நான் கேட்காமலே டார்ச்சை எடுத்துப் பிடித்தேன். கடைசியில் அந்தப் பித்தளைத் துண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது.

அவள் பெட்டியிலிருந்து பஞ்சில் சுற்றிய புது ஜெட்டை எடுத்தாள். வரும் வழியில் வாங்கியிருந்தாள். இரண்டையும் விரல்களுக்கு நடுவில் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். ஊசியின் பருமனைக் கண்ணாலேயே சொல்லிவிடுகிறவள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"புதுசு, சர்க்கரைக்காரங்க போட்டுக்கிற ஊசி கணக்கு. பழசு, நான் குழந்தைங்களுக்கு எடுக்கிற ஊசி கணக்கு."

குழந்தைகளுக்கான ஊசி ஒன்றைப் பிரித்துப் பழைய ஜெட்டில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. புதியதின் பக்கம் ஊசியைக் கொண்டுபோய், தொடாமலே நிறுத்தினாள்.

"இதுல போகாது. போக வைக்கவும் மாட்டேன். சின்ன நரம்புல பெரிய ஊசியை விட்டா நரம்பு கிழிஞ்சிரும்."

தையல்காரர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். தீப்பெட்டியோடு திரும்பி வந்து, அதைத் திறந்து தரையில் வைத்தார்.

"ஒம்பதாம் நம்பர்" என்றார். "நுனி மழுங்கிப் போச்சு. துணியில நூல் இழுத்தப்பத்தான் பாத்தேன். பித்தளையில தேஞ்சிருக்கு. ஊசி இப்படித் தேஞ்சா ஓட்டை என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எப்ப பாத்தீங்க?"

"போன வாரம்."

"போன வாரம் என்னிக்கு?"

"...திங்கக்கிழமை."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் எத்தனை தடவ என் கை சரியில்லன்னு சொன்னீங்க?"

அவர் தீப்பெட்டியை விரலால் தள்ளி மூடினார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு அம்மாவுக்கு நரம்பைக் கிழிச்சுட்டேன்" என்றாள் அவள். "முழங்கை வரைக்கும் நீலம். அங்கேயே உக்காந்து சொன்னேன், உங்க நரம்பு மேல தப்பில்லம்மா, என் மேலதான்னு. மறுவாரமும் அந்தம்மா என்னைத்தான் கேட்டாங்க. இந்தக் கையை வச்சுத்தாங்க பதினேழு வருஷம் சோறு தின்னேன். அதைப் போய்..." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்டா" என்றார் அக்கா வாசல்படியில் நின்று. "ஒரு ஊசி தொலைஞ்சா ஊரையே கூட்டுவ."

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்க்கா, நானே சரி பண்ணேன்னு." அவர் தலை நிமிரவில்லை. "எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. இன்னிக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு... தப்பு என்னுதுதான். கையில ஒண்ணுமில்ல. உன் கையில ஒண்ணுமே இல்ல."

நானும் வாயைத் திறந்தேன். "டார்ச் பிடிச்சது நான்தான். ஊசி போனதைக் கண்ணால பாத்தேன். மாடியில வச்சுச் சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள் அவள். "பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு." புது ஜெட்டை அவரிடம் நீட்டினாள். "கையைக் கழுவிட்டு மாட்டுங்க."

அவர் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். மாட்டி முடித்து உதைத்தபோது வண்டி கிளம்பவில்லை. எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. அவள்தான் சோக்கை இழுக்கச் சொன்னாள். "இனிமே காலையில சோக் கேக்கும்னாரு. கேட்டாத்தான் சரியா இருக்குன்னு அர்த்தமாம்." இழுத்து உதைத்தார். கிளம்பியது. சற்று நேரம் விட்டு சோக்கைத் தள்ளினார். இருமும் என்று காத்திருந்தோம். இருமவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டு நின்றது. அவள் அவரிடம் ஒன்றும் பேசாமல், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனாள். அவர் குடையைக் கையில் வைத்துக்கொண்டு, மழை விட்டது தெரியாமல் வாசலிலேயே நின்றார். அவள் திரும்பி வந்த பிறகும் அவரோடு பேசவில்லை. காலையில் டீயைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நல்ல வெயில். தேர்வு மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே நானும் தையல்காரரும் நின்றோம். அவளுக்கு முன்னால் ஓட்டிய இரண்டு இளைஞர்கள் எட்டிலேயே காலை ஊன்றிவிட்டார்கள். அவள் ஏறினாள். எட்டைச் சுற்றினாள். தையல்காரரின் வலது கை கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாக முறுக்கிக்கொண்டே இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

கோட்டில் வந்து நிறுத்தினாள். வண்டி அணையவில்லை. அதிகாரி கிளம்பச் சொன்னார், கிளம்பினாள். மறுபடி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். அவர் தாளில் எழுதி, "பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் எண்ணைக் கூப்பிட்டார்.

அவள் உடனே நகரவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கியரை எடுத்துவிட்டு, வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்களைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கை எங்களுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். அவளுக்குக் கீழே வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டு நின்றது.

"ஏம்மா! கையை வண்டியில வைம்மா!" என்று அதிகாரி கத்தினார்.

"வேணாம்" என்றார் தையல்காரர், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "அப்படியே இருக்கட்டும்."